பழைய பாணி டியூப் கிட்டார் ஆம்புக்கு டிரான்ஸ்ஃபார்மர் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

டியூப் ஆம்ப் கட்டப் புதிதாக இறங்குகிறவர்களில் பலர் முதலில் வாங்குவது, பவர் டியூபுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வரும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைத்தான். டோன் முழுக்க அதில்தான் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருப்பார்கள். வாங்கிய பிறகுதான் எந்த டியூப், எத்தனை வோல்ட், எந்த ஸ்பீக்கர் என்று யோசிப்பார்கள். இந்த வரிசை தலைகீழானது. ஒரே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் 350 வோல்ட்டில் ஒரு மாதிரியும் 420 வோல்ட்டில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். எதிரே இருக்கும் ஸ்பீக்கர் மாறினால் மறுபடியும் மாறும். அதனால் ஸ்பீக்கர், பவர் டியூப், சப்ளை வோல்டேஜ் (அதைத் தருவது பவர் டிரான்ஸ்ஃபார்மர்), அதன் பிறகே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் என்ற வரிசையில் போவோம்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கட்டப்போகும் ஆம்பின் சர்க்யூட் வரைபடம், அதில் வோல்டேஜ் அளவுகள் குறித்திருந்தால் நல்லது. குறைந்தது 600 வோல்ட் டிசி தாங்கும் மல்டிமீட்டர். 12 வோல்ட் ஏசி தரும் சிறிய ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர். மெயின்ஸ் வழியில் தொடராக இணைக்க, டங்ஸ்டன் இழை கொண்ட பழைய வகை குண்டு பல்பு. எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஸ்பீக்கருக்குப் பதிலாக வைக்க 8 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் ஒன்று.

இந்த ஆம்புகளில் 300 முதல் 500 வோல்ட் வரை டிசி இருக்கும். ஆம்பை அணைத்த பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் அது தேங்கி நிற்கும், உயிரைப் பறிக்கவும் போதும். ஒவ்வொரு முறையும் பிளக்கைப் பிடுங்கி, ரெசிஸ்டர் வழியாகக் கெப்பாசிட்டரை வடியவிட்டு, மீட்டரில் அளந்து உறுதி செய்த பிறகே கை வையுங்கள். கீழே "அணைத்து" என்று வரும் இடமெல்லாம் இந்த மூன்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

1. ஸ்பீக்கரையும் பவர் டியூபையும் முடிவு செய்யுங்கள்

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கென்று சொந்தமாக இம்பிடன்ஸ் (ஏசிக்குக் காட்டும் தடை, ஓமில்) கிடையாது. செகண்டரியில் (வெளியீட்டுச் சுற்றில்) மாட்டும் சுமையைச் சுற்று விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கி டியூபுக்குக் காட்டுகிறது, அவ்வளவுதான். 6,600 ஓமுக்கு 8 ஓம் என்று எழுதியிருந்தால், அதே சுற்றில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டும்போது டியூப் காண்பது 3,300 ஓம். புதியவர்கள் மிக அதிகமாகத் தடுமாறும் இடம் இதுதான். டிரான்ஸ்ஃபார்மர் மேல் உள்ள எண்ணை அதன் நிரந்தரக் குணமாக எடுத்துக்கொண்டு மற்ற கணக்கையெல்லாம் அதன்மேல் கட்டிவிடுகிறார்கள்.

ஸ்பீக்கரின் 8 ஓமும் பெயரளவில்தான். ஒத்ததிர்வுப் புள்ளியில் அது பல மடங்கு உயரும். மேல் அதிர்வெண்களிலும் ஏறிக்கொண்டே போகும். எனவே கணக்கில் 5 அல்லது 10 சதவீத வித்தியாசத்துக்காக நல்ல டிரான்ஸ்ஃபார்மரை ஒதுக்க வேண்டாம்.

டியூப் தேர்வு ஏறக்குறைய எல்லையை வகுத்துவிடும். இரண்டு 6வி6 என்றால் 6,600 முதல் 8,000 ஓம் வரை. இரண்டு 6எல்6 என்றால் சுமார் 4,000. இரண்டு ஈஎல்34 என்றால் சுமார் 3,400. இரண்டு ஈஎல்84 என்றால் சுமார் 8,000, வாக்ஸ் ஏசி30 போல நான்கு வைத்தால் அதில் பாதி. சிங்கிள் எண்டட் (ஒற்றைப் பவர் டியூப்) ஆம்ப் தனிக் கதை, அது 5-ஆம் படியில் வருகிறது.

2. பவர் டிரான்ஸ்ஃபார்மரின் வோல்டேஜை முடிவு செய்யுங்கள்

ஃபெண்டரின் 5ஈ3 டீலக்ஸையும் 1960-களின் டீலக்ஸ் ரிவெர்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பவர் டியூப் இரண்டு 6வி6 தான். முன்னதில் 5ஒய்3 ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக மாற்றும் டியூப்), பிளேட்டில் (பவர் டியூபின் உயர் வோல்டேஜ் முனையில்) சுமார் 350 வோல்ட், ஆற்றல் 12 முதல் 15 வாட். பின்னதில் ஜிஇசட்34 ரெக்டிஃபையர், பிளேட்டில் சுமார் 415 வோல்ட், 22 வாட். பயாஸ் (டியூபின் ஓய்வுநிலைக் கரண்ட்டை அமைப்பது) முறையும் ஃபீட்பேக்கும் (வெளியீட்டில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புவது) கூட வேறுபடுகின்றன என்பது உண்மை. ஆனாலும் ஒன்று சீக்கிரம் கரகரத்துத் தடிப்பதற்கும் மற்றொன்று நெடுநேரம் சுத்தமாக ஒலிப்பதற்கும் சப்ளை வோல்டேஜ் ஒரு பெரிய காரணம். இந்த வித்தியாசத்தை அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் மாற்றிப் பெற முயல்வது வீண் செலவு.

தேவையான டிசியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். சென்டர் டாப் (நடுவிலிருந்து எடுத்த இணைப்பு) கொண்ட செகண்டரியின் ஒரு பாதியின் ஏசி வோல்டேஜை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிக்கன் டையோடு என்றால் அதைப்போல் 1.35 முதல் 1.4 மடங்கு டிசி கிடைக்கும். ஜிஇசட்34 என்றால் சுமார் 1.25 முதல் 1.3. 5ஒய்3 என்றால் 1.1 முதல் 1.2. 330-0-330 டிரான்ஸ்ஃபார்மர் ஜிஇசட்34 உடன் 415 வோல்ட் அளவில் வந்து நிற்பது இப்படித்தான்.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. முதலாவது, சுமை இல்லாமல் செகண்டரியை அளந்து "அதிகமாக இருக்கிறதே" என்று திருப்பி அனுப்புவது. எழுதியிருக்கும் வோல்டேஜ் முழுச் சுமையில் கிடைப்பது. வெறுமையாக அளந்தால் 5 முதல் 10 சதவீதம் கூடவே காட்டும். இரண்டாவது, பிரைமரியை, அதாவது மின்சாரம் உள்ளே வரும் சுற்றை, கவனிக்காமல் விடுவது. 117 வோல்ட்டுக்குச் சுற்றிய பழைய டிரான்ஸ்ஃபார்மரில் 123 வோல்ட் கொடுத்தால் எல்லா செகண்டரியும் 5 சதவீதம் உயரும், டியூபைச் சூடாக்கும் ஹீட்டர் இழைக்கான 6.3 வோல்ட் 6.6-ஐத் தொடும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் வடிவமைத்ததை 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் கோரில் (நடுவில் உள்ள இரும்பில்) காந்தப் பாயம் 20 சதவீதம் கூடும். அது சூடாகும், உறுமும். உங்கள் மெயின்ஸ் வோல்டேஜும் அதிர்வெண்ணும் லேபிளில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

3. கரண்ட்டையும் 'சேக்' அளவையும் பாருங்கள்

முதலில் ஹீட்டர் கணக்கு. 12ஏஎக்ஸ்7 ஒன்றுக்கு 0.3 ஆம்ப், 6வி6 ஒன்றுக்கு 0.45, 6எல்6 என்றால் 0.9, ஈஎல்34 என்றால் 1.5. ஆறு சிறிய டியூபும் இரண்டு 6வி6-ம் சேர்ந்தால் 2.7 ஆம்ப். 6வி6-ஐ எடுத்துவிட்டு ஈஎல்34 மாட்டினால் அது 4.8 ஆகிவிடும். சாக்கெட்டில் பொருந்துகிறது என்பதற்காக மாற்றிப் பார்த்து வைண்டிங்கை (கம்பிச் சுற்றை) கருக்கியவர்கள் உண்டு. ரெக்டிஃபையரின் 5 வோல்ட் வைண்டிங்கும் அப்படித்தான். 5ஒய்3-க்கு 2 ஆம்ப் போதும், 5யு4 கேட்பது 3.

அடுத்து உயர் வோல்டேஜ் வைண்டிங். சென்டர் டாப் வைத்த முழு அலை ரெக்டிஃபையரில் லேபிளில் உள்ள ஏசி கரண்ட் அளவையே டிசியாக எடுக்கலாம். பிரிட்ஜ் (நான்கு டையோடு கொண்ட ரெக்டிஃபையர்) போட்டால் அதில் 0.62 பங்குதான் எடுக்க முடியும். 150 மில்லி ஆம்ப் என்று எழுதியதைப் பிரிட்ஜில் போட்டு 150 எடுக்கப் பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மர் கொதிக்கும்.

இப்போது டோன் விஷயம். ஓங்கி அடிக்கும்போது சப்ளை வோல்டேஜ் சற்று விழுந்து மெல்ல மேலே வருவதைத்தான் சேக் என்கிறோம். அடியின் முனை மழுங்கும், நோட்டின் வால் எழும்பும். பழைய பாணி ஆம்பின் தொடு உணர்வில் பெரும்பகுதி இது. இதை உண்டாக்குபவை ரெக்டிஃபையரில் விழும் வோல்டேஜும் பவர் டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங்கின் ரெசிஸ்டன்ஸும். 5ஒய்3-ல் 125 மில்லி ஆம்பில் சுமார் 50 முதல் 60 வோல்ட் விழும். ஜிஇசட்34-ல் 225 மில்லி ஆம்பிலும் 17 வோல்ட் அளவுதான். ஆக, ஜிஇசட்34 அல்லது டையோடு வைத்த ஆம்பில் எவ்வளவு சேக் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் வைண்டிங்தான். பெரிய, "கூடுதல் பாதுகாப்பான" பவர் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் அந்த நெகிழ்வு போய்விடும். கண்டிப்பான, இறுக்கமான ஒலி வேண்டுமென்றால் அது நல்லது. பழைய சிறிய ஆம்பின் இளக்கம் வேண்டுமென்றால் தேவைக்கு மேல் 20 சதவீதத்தைத் தாண்டாதீர்கள் என்பதே என் பரிந்துரை.

ஃபெண்டர் சாம்ப் போன்ற ஒற்றை டியூப் ஆம்புக்கு இது பொருந்தாது. அது ஓய்விலும் முழு ஒலியிலும் ஏறக்குறைய ஒரே கரண்ட்டை இழுக்கிறது. கரண்ட் மாறாதபோது வோல்டேஜ் விழக் காரணமில்லை. அங்கே ரெக்டிஃபையரை மாற்றிவிட்டு "சேக் வந்துவிட்டது" என்பவர்கள் கேட்பது குறைந்த நிலை வோல்டேஜின் விளைவை.

4. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி இம்பிடன்ஸைத் தேர்ந்தெடுங்கள்

வோல்டேஜ் தெரிந்துவிட்டதால் இப்போதுதான் இந்த எண்ணுக்குப் பொருள் வருகிறது. இம்பிடன்ஸ் குறைந்தால் டியூபில் கரண்ட் வீச்சு பெரிதாகும், பிளேட் அதிகம் சூடாகும், உடைவு (ஒலி கரகரக்கத் தொடங்குவது) தள்ளிப்போகும். கூடினால் வோல்டேஜ் வீச்சு சீக்கிரம் எல்லையைத் தொடும். ஆற்றல் குறையும், இடைப்பட்ட ஒலிகள் முன்னே வந்து அழுத்தமாகக் கேட்கும்.

அதற்காக ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. பென்டோடு வகை டியூபில் சுமை மிக அதிகமானால் பிளேட் வோல்டேஜ் அடிமட்டத்துக்கு இறங்கும் கணங்களில் கரண்ட் ஸ்கிரீன் (டியூபுக்குள் பிளேட்டுக்கு முன் உள்ள கம்பி வலை) பக்கம் பாயும். ஈஎல்34-ம் ஈஎல்84-ம் இதில் முதலில் அடிபடும். ஒலி நன்றாக இருக்கிறதே என்று விட்டால் சில வாரங்களில் டியூப் போய்விடும்.

விலை கொடுக்காமல் இந்த வித்தியாசத்தைக் கேட்க ஒரு வழி உண்டு. ஏற்கெனவே ஓடும் ஆம்பில், அணைத்துவிட்டு, 8 ஓம் வழியில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டி, மிதமான ஒலியில் சிறிது நேரம் வாசியுங்கள். டியூப் காணும் சுமை பாதியாகிவிடும். மறுதிசையில், அதாவது 4 ஓம் வழியில் 16 ஓம் ஸ்பீக்கரை மாட்டி, இதைச் செய்யாதீர்கள். சுமை நான்கு மடங்காகும்போது பிரைமரியில் எழும் வோல்டேஜ் முட்கள் சாக்கெட்டிலும் வைண்டிங்கிலும் தீப்பொறியாகப் பாயலாம். ஸ்பீக்கரே இல்லாமல் ஓட்டுவது இன்னும் மோசம்.

5. இரும்பின் அளவு, இண்டக்டன்ஸ், ஏர் கேப்

ஒரே 6,600 ஓம் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு எடையில் கிடைக்கும்போது எதை எடுப்பது? டோனில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் நேரடியாகக் கைவைக்கும் இடம் இது.

கோரில் எழும் காந்தப் பாயம் வோல்டேஜுக்கு நேர்விகிதத்திலும் அதிர்வெண்ணுக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். அதிர்வெண் பாதியானால் பாயம் இரட்டிப்பு. அதனால் கோர் நிறைந்துபோவது எப்போதும் தடித்த கம்பிகளில் தொடங்கும். கிட்டாரின் தாழ்ந்த ஈ கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ். சிறிய கோர் முழு ஒலியில் அங்கே திணறும், பேஸ் இளகும், நோட்டுகள் ஒன்றோடொன்று குழையும். பெரிய கோரில் அதே அடி உறுதியாக நிற்கும்.

பிரைமரி இண்டக்டன்ஸ் (கரண்ட் மாறுவதைச் சுற்று எதிர்க்கும் அளவு) தனியாகப் பார்க்க வேண்டியது. பேஸ் எங்கே குறையத் தொடங்குகிறது என்பதைச் சுமையை இண்டக்டன்ஸின் 6.28 மடங்கால் வகுத்துக் கண்டுபிடிக்கலாம். 6,600 ஓமுக்கு 13 ஹென்றி என்றால் சுமார் 81 ஹெர்ட்ஸில் 3 டெசிபெல் குறைந்திருக்கும். 26 ஹென்றி என்றால் அந்தப் புள்ளி 40-க்கு இறங்கும். பழைய சிறிய ஆம்புகள் மேசையில் வைத்தாலும் பேஸ் கனக்காமல், இசைக்குழுவில் மற்ற கருவிகளோடு மோதாமல் ஒலிப்பதற்கு இந்தக் குறைந்த இண்டக்டன்ஸும் ஒரு காரணம். அதைக் குறையென்று நினைத்துப் பெரியதை மாட்டிவிட்டு, "ஆம்ப் உயிரற்றுப் போனது" என்று வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் குழையும் பேஸுக்கெல்லாம் டிரான்ஸ்ஃபார்மர் மீது பழி போடாதீர்கள். பல நேரம் காரணம் முன்பகுதியில் இருக்கும் பெரிய கப்ளிங் கெப்பாசிட்டர். அது ஓங்கிய அடியில் சார்ஜ் ஆகி அடுத்த டியூபைச் சற்று நேரம் அடைத்துவிடும். சில ரூபாய் மதிப்புள்ள அந்தப் பாகத்தை மாற்றிப் பார்த்த பிறகு இரும்புக்குப் போங்கள்.

மேல் அதிர்வெண் பக்கம் வைண்டிங்குகளை எத்தனை பகுதிகளாக இடைவிட்டுச் சுற்றியிருக்கிறார்கள் என்பது முக்கியம். எளிய சுற்றில் லீக்கேஜ் இண்டக்டன்ஸ் (ஒரு வைண்டிங்கிலிருந்து மற்றதைச் சேராத காந்தப் பாயத்தால் வருவது) கூடும், மேல்முனை மழுங்கும். கிட்டார் ஸ்பீக்கரே 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக இறங்கிவிடுவதால், ஹை-ஃபை தரத்துக்குச் செலவிடத் தேவையில்லை. காகித அடுக்குச் சுற்றா, பிளாஸ்டிக் பாபினா என்ற விவாதமும் என் மதிப்பீட்டில் இம்பிடன்ஸ், கோர் அளவு, இண்டக்டன்ஸ் மூன்றுக்கும் பின்னால்தான்.

சிங்கிள் எண்டட் ஆம்பில் டியூபின் முழு டிசி கரண்ட்டும் பிரைமரி வழியே ஒரே திசையில் போகிறது. அதைத் தாங்க கோரில் ஏர் கேப் (சிறு காற்று இடைவெளி) இருக்க வேண்டும். புஷ்-புல் (டியூப்கள் எதிரெதிர்ப் பாதிகளில் இயங்கும்) டிரான்ஸ்ஃபார்மரில் இரு பாதிகளின் டிசி ஒன்றையொன்று ரத்து செய்வதால் இடைவெளி தேவையில்லை. புஷ்-புல்லின் ஒரு பாதியை எடுத்து சாம்ப் வகை ஆம்பில் மாட்டினால் கோர் ஓய்விலேயே நிறைந்துவிடும், பேஸ் காணாமல் போகும். இதே காரணத்தால்தான் புஷ்-புல்லில் பொருந்தாத ஜோடி டியூப் போட்டாலும் ஒலி மெலிந்து உறுமல் எழுகிறது.

6. விவரம் தெரியாத டிரான்ஸ்ஃபார்மரை அளப்பது

மீட்டரை ஓம் நிலையில் வைத்து அளந்தால் கிடைப்பது கம்பியின் டிசி ரெசிஸ்டன்ஸ் மட்டும், இம்பிடன்ஸ் அல்ல. பிரைமரியின் இரு பாதிகளும் சற்று வேறுபட்டுக் காட்டினால் பயப்பட வேண்டாம். வெளிச்சுற்றுகளுக்குக் கம்பி நீளம் அதிகம், சுற்று எண்ணிக்கை சமமாக இருந்தால் போதும்.

தனியாக எடுத்த டிரான்ஸ்ஃபார்மரில், இரண்டு பிளேட் கம்பிகளுக்கு இடையே 12 வோல்ட் ஏசி கொடுத்து செகண்டரியை அளங்கள். 0.418 வோல்ட் வந்தால் விகிதம் 28.7, அதன் வர்க்கம் சுமார் 824. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 6,600 ஓம். அந்தச் செகண்டரி 4 ஓமுக்கானதா 8 ஓமுக்கானதா என்பதை இந்த அளவு சொல்லாது. டியூப் வகையையும் கோர் அளவையும் வைத்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏசியை செகண்டரி பக்கம் கொடுக்காதீர்கள். 6.3 வோல்ட் கொடுத்தாலும் பிரைமரியில் 180 வோல்ட் எழும்.

7. ஃபீட்பேக் எந்த டாப்பிலிருந்து என்று பாருங்கள்

நெகட்டிவ் ஃபீட்பேக் உள்ள ஆம்பில் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றினால் ஃபீட்பேக் அளவும் சேர்ந்து மாறலாம். ஒரே ஆற்றலில் செகண்டரி வோல்டேஜ் இம்பிடன்ஸின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உயரும். ஃபெண்டர் பேஸ்மேன் 5எஃப்6-ஏ, 2 ஓம் செகண்டரியிலிருந்து 27 கிலோ ஓம் வழியாக ஃபீட்பேக் எடுத்தது. அதை அடியொற்றிய மார்ஷல் ஜேடிஎம்45 அதே 27 கிலோ ஓமை 16 ஓம் டாப்பில் (செகண்டரியின் 16 ஓம் முனையில்) மாட்டியது. வோல்டேஜ் 2.8 மடங்கு என்பதால் ஃபீட்பேக் வெகுவாகக் கூடியது. வரைபடத்தில் ரெசிஸ்டரை மட்டும் பார்த்து டாப்பைப் பார்க்காமல் விட்டால், இரும்பின் குணம் என்று நீங்கள் நினைப்பது உண்மையில் ஃபீட்பேக்கின் குணமாக இருக்கும்.

முதல் ஓட்டத்தில் ஃபீட்பேக் கம்பியைப் பிரித்து வையுங்கள். ஆம்ப் ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிந்ததும் அணைத்து, இணைத்து, மீண்டும் ஓட்டுங்கள். ஒலி சற்றுக் குறைந்து சீரானால் சரி. வீறிட்டால் ஃபீட்பேக்கின் கட்டம் (ஃபேஸ்) தலைகீழ். அணைத்து, இரண்டு பிளேட் கம்பிகளை இடம் மாற்றுங்கள்.

8. சோக்

முதல் ஃபில்டருக்கும் ஸ்கிரீன் சப்ளைக்கும் நடுவே வரும் இரும்புக் கோர் கொண்ட கம்பிச் சுருள். 3 முதல் 5 ஹென்றி வழக்கம். ரெசிஸ்டருக்குப் பதில் சோக் வைத்தால் ஸ்கிரீன் வோல்டேஜ் விழாமல் நிற்கும், அடி கூர்மையாகும், ஹம் (மெயின்ஸ் உறுமல்) குறையும். 5ஈ3-ல் சோக் கிடையாது, 5 கிலோ ஓம் ரெசிஸ்டர்தான். அதன் அமுக்கம் உங்களுக்குப் பிடித்திருந்தால் சோக்கைச் சேர்த்து "மேம்படுத்த" வேண்டாம்.

9. துளையிடும் முன் இடம் பாருங்கள்

பவர் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் பட்டால் எந்த ஃபில்டராலும் நீக்க முடியாத ஹம் வரும். இரண்டின் கோர்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்க வேண்டும். பவர் டிரான்ஸ்ஃபார்மரைப் பொருத்தி, செகண்டரி முனைகளையெல்லாம் இன்சுலேட் செய்து, மெயின்ஸ் கொடுங்கள். எதனோடும் இணைக்காத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியில் ஹெட்ஃபோனை மாட்டி, சேசிஸ் மேல் நகர்த்தியும் திருப்பியும் கேளுங்கள். உறுமல் மிகக் குறையும் இடத்தில் குறியிட்டுத் துளையிடுங்கள். சோக்கையும் இப்படியே வைக்கலாம்.

10. முதல் பவர், பிறகு பயாஸ்

கம்பி நிறங்களை நம்பாதீர்கள், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். டிரான்ஸ்ஃபார்மரோடு வந்த தாளைப் பார்த்தே இணையுங்கள். டியூப் எதுவும் மாட்டாமல், தொடர் பல்பு வழியாக முதல் பவர் கொடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்தால் எங்கோ ஷார்ட்.

எல்லாம் சரியென்றால் டியூப் மாட்டி, செகண்டரியில் 8 ஓம் ரெசிஸ்டரைச் சுமையாக வைத்து, பல்பை விலக்கி, பிளேட் வோல்டேஜை அளங்கள். பயாஸ் இந்த எண்ணிலிருந்துதான் வருகிறது. 6வி6-ன் பிளேட் எல்லை 12 வாட். அதில் 70 சதவீதம் 8.4 வாட். 400 வோல்ட் என்றால் ஒரு டியூபுக்கு 21 மில்லி ஆம்ப். ஒவ்வொரு கேத்தோடிலும் 1 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் மீட்டரில் 1 மில்லி வோல்ட் 1 மில்லி ஆம்ப் ஆகும், ஸ்கிரீன் கரண்ட்டும் சிறிதளவு அதில் சேர்ந்திருக்கும். நிலையான பயாஸ் உள்ள ஆம்பில் பவர் டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபையர், சோக் எதை மாற்றினாலும் இதை மறுபடி செய்ய வேண்டும்.

11. காதால் ஒப்பிடுவது

இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்களை ஒப்பிடுவதானால் ஒரே பயாஸ், ஒரே ஸ்பீக்கர், ஒரே ஒலியளவு. சற்று உரக்கக் கேட்பதைக் காது எப்போதும் "நல்லது" என்றே சொல்லும். கையால் ஒவ்வொரு முறையும் வாசிக்காமல், ஒரு முறை நேரடியாகப் பதிவு செய்த கிட்டாரைத் திரும்பத் திரும்ப ஆம்புக்குள் அனுப்புங்கள்.

குறைந்த வால்யூமில் வேறுபாடு மிகச் சிறிது, உடைவுக்கு அருகே கேளுங்கள். தாழ்ந்த ஈ கம்பியை அடக்கி அடித்தால் கோர் அளவு தெரியும். முழுக் கார்டை ஓங்கி அடித்து விட்டால் அது எழும்பி வரும் விதத்தில் பவர் டிரான்ஸ்ஃபார்மர் தெரியும். மெல்லிய கம்பிகளின் மேல் ஒலிகளில் லீக்கேஜும் ஃபீட்பேக்கும் தெரியும்.

முடிந்ததும் பிளேட் வோல்டேஜ், பயாஸ் கரண்ட், பிரைமரி இம்பிடன்ஸ், ஃபீட்பேக் டாப் நான்கையும் எழுதி சேசிஸின் உட்புறம் ஒட்டி வையுங்கள். அடுத்து அந்த ஆம்பைத் திறப்பவர் நீங்களாகவே இருந்தாலும் அது தேவைப்படும்.